வேடந்தாங்கல் ஏரிக்கரையில் தை மாதம்

வெள்ளி

படாளம் கூட்ரோட்டில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பியதுமே கரும்பு டிராக்டர்கள் எதிரே வர ஆரம்பித்துவிட்டன. படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. ஒவ்வொரு டிராக்டருக்கும் ஒதுங்கி வழிவிட்டு, நெல் காயப்போட்ட இடங்களில் சாலையின் மறுபாதியில் ஊர்ந்து, வேடந்தாங்கல் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. பொங்கல் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வாசல்களில் கலர்ப்பொடிக் கோலத்தின் மிச்சம் இருக்கிறது. மாட்டுக் கொம்புகளில் பெயிண்ட் இன்னும் பளிச்சென்று இருக்கிறது.

அம்மாவும் கூட வந்திருக்கிறார். திண்டிவனம் பக்கம் ஓர் ஏரிப்பாசன ஊரில் பிறந்து வளர்ந்தவர். "சம்பா அறுப்பு முடிஞ்சுடுச்சு. நவரைக்கு ஓட்டுறாங்க பாரு" என்று வழியெல்லாம் வயலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். நவரை என்பது சம்பாவுக்கு அடுத்த நெல் பட்டம்.

வனத்துறை விடுதியில் முன்கூட்டியே அறை எடுத்திருந்தோம். வசதி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சுத்தமான அறை, ஃபேன், வாசலில் மரநிழல். ஏரிக்கு நடந்தே போய்விடலாம், அதுதான் வேண்டியது. பையை வைத்துவிட்டு உடனே கிளம்பினோம்.

கரைமேல் ஏறும்போதே நெடி மூக்கில் ஏறுகிறது. எச்சம், மீன், ஈர இலை எல்லாம் கலந்த நெடி. ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். சத்தம் மட்டும் பழகவே இல்லை. ஏரிக்குள் தண்ணீரில் நிற்கிற நீர்க்கடம்ப மரங்கள் முழுக்கப் பறவைகள். மாதக்கணக்கில் வேர் தண்ணீரில் கிடந்தாலும் அழுகாத மரம் இது. உச்சியில் கூழைக்கடாக்களும் நத்தை குத்தி நாரைகளும். அதற்குக் கீழே கொக்குகள், நீர்க்காகங்கள், அரிவாள் மூக்கன்கள். உள்ளே இலை இருட்டில் வக்காக்கள். ஒரே மரத்தில் மாடி மாடியாகக் குடித்தனம்.

ஐந்து மணி தாண்டியதும் வரத்து தொடங்கியது. நீர்க்காகங்கள் கோணல் கோடுகளாகத் தாழ்வாக வந்தன. வெள்ளை அரிவாள் மூக்கன்கள் நீளமான வரிசையில், சத்தமே இல்லாமல். கூழைக்கடா மட்டும் நிதானமாகச் சிறகை விரித்தபடி மிதந்து வந்து, இடம் பார்த்து, கிளை ஆடும்படி உட்கார்ந்தது. அதன் கழுத்துப்பையை முக்காலியில் வைத்த தொலைநோக்கி வழியாகப் பார்க்கக் காவலர் ஒருவர் அம்மாவை அழைத்தார். பார்த்து முடித்த அம்மா கேட்ட முதல் கேள்வி பறவையைப் பற்றியது இல்லை.

"தம்பி, இந்த ஏரிக்கு மடை எந்தப் பக்கம்?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். "கலங்கல்?" அதையும் காட்டினார். "இந்த வருஷம் கலங்கல் போச்சா?" "நல்லா போச்சும்மா. நவம்பர்லயே ரொம்பிடுச்சு."

மடை வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வழி; கலங்கல் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் இடம். அம்மாவுக்குப் பரம திருப்தி. அதன் பிறகுதான் உட்கார்ந்து நாரைகளைப் பார்த்தார். நான் இங்கே பல தடவை வந்திருக்கிறேன். ஒரு தடவைகூட மடை எங்கே என்று கேட்கத் தோன்றியதில்லை. 30 ஹெக்டேர் அளவுள்ள சின்னப் பாசன ஏரி இது. அதற்குள்தான் நாட்டின் மிகப் பழைய பறவைச் சரணாலயங்களில் ஒன்று இருக்கிறது. நம் கண்ணில் சரணாலயம் மட்டும்தான் படுகிறது.

மற்றதெல்லாம் அடைந்த நேரத்தில் வக்காக்கள் ஒவ்வொன்றாக வெளியே கிளம்பின. அவற்றுக்கு இரவில்தான் இரை தேடல். ஆறு மணிக்குக் கதவு மூடுவதால் எழுந்து வந்துவிட்டோம்.

சனி

விடிவதற்கு முன்னாலேயே எழுந்து கரைக்கு வந்தோம். தை மாதத்துப் பனி. அம்மா மஃப்ளர் கட்டிக்கொண்டு வந்தார். டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுக் கரை ஏறினால், பறவைகள் கிளம்பிக்கொண்டிருக்கின்றன.

இங்கு தங்கும் பறவைகளில் பெரும்பாலானவை இந்த ஏரியில் இரை தேடுவதில்லை. இத்தனை ஆயிரம் வாய்களுக்கு இந்த 30 ஹெக்டேர் எப்படிப் போதும்? விடிந்ததும் சுற்றியுள்ள ஊர் ஏரிகளுக்கும் குளங்களுக்கும் நெல் வயல்களுக்கும் போய்விடும். இங்கே வீடு, வெளியே வேலை. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்வரை பூனை, கீரி எதுவும் கூட்டை நெருங்க முடியாது. அதற்காகத்தான் இந்த ஏரி. மழை பொய்த்து ஏரி வற்றிய வருடங்களில் பறவைகள் வராமலே போயிருக்கின்றன.

பகலில் வருகிறவர்கள் குறைவு. "வெயில்ல என்ன இருக்கு" என்று கிளம்பிவிடுகிறார்கள். எனக்கோ இன்று பார்த்ததிலேயே பிடித்தது பன்னிரண்டு மணி வெயிலில் நடந்ததுதான். கரைக்குப் பக்கத்து மரத்தில் ஒரு நத்தை குத்தி நாரைக் கூடு. உள்ளே மூன்று குஞ்சுகள். சூரியன் உச்சிக்கு வந்ததும் தாயோ தகப்பனோ, இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் தெரியவில்லை, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு சிறகையும் பாதி விரித்துப் பந்தல் போட்டது. குஞ்சுகள் அந்த நிழலுக்குள் ஒடுங்கின. வெயில் நகர நகரப் பறவையும் காலை மாற்றி மாற்றி வைத்துத் திரும்பியது. மற்றது வந்து சேரும்வரை நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வந்ததன் அலகில் இலையோடு ஒரு பச்சைக் குச்சி. இரண்டும் தலையை மேலும் கீழும் ஆட்டி, அலகை அடித்துக்கொண்டன. குச்சியைக் கூட்டின் விளிம்பில் செருகிய பிறகுதான் நின்றிருந்தது பறந்து போனது.

பெரிய நாரைக்கு மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. குஞ்சுகளுக்கு அது இல்லை. வளர வளரத்தான் வரும்.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா மடை வழியாக வயல் பக்கம் போக வேண்டும் என்றார். ஏரிக்குக் கீழே நவரைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சு பிடித்துக்கொண்டது.

"பச்சையா இருக்கே தண்ணி. இதைப் பாய்ச்சினா உரம் போடத் தேவையில்லைன்னு சொல்றாங்களே?"

"போடுவோம் அக்கா. ஆனா மத்த ஊர்ல போடுற அளவு போடமாட்டோம். தெரியாம யூரியாவை அள்ளிப் போட்டா பயிர் கொழுத்துப் போய்ச் சாஞ்சிடும்."

மரங்களிலிருந்து மாதக்கணக்கில் தண்ணீரில் விழும் எச்சம்தான் காரணம். தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த தண்ணீர் மடை வழியாக வயலுக்கு வருகிறது. வேதியியல் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊர்க்காரர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

அவர் நின்ற வரப்பு ஓரத்தில் காலி நத்தை ஓடுகள் கிடந்தன. அம்மா ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். கோழிமுட்டையில் பாதி அளவு இருக்கும். விரிசல் கிடையாது, ஓட்டை கிடையாது. வாயை மூடியிருக்கும் மூடி மட்டும் இல்லை. நத்தை குத்தி நாரை ஓட்டை உடைத்துத் தின்னும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது கீழ் அலகின் கூர் முனையை மூடிக்குக் கீழே விட்டு, நத்தையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுத்துவிடும். அந்த நெளிந்த அலகு அதற்குத்தான். நாற்றைத் தின்னும் நத்தை இப்படி ஒழிவதில் விவசாயிக்கும் லாபம்.

தீபாவளிக்கு இந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை என்பது வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த செய்தி. நேரம்தான் முக்கியம். பறவைகள் வந்து இடம் பார்ப்பது ஐப்பசி, கார்த்திகையில். கூடு கட்டலாமா வேண்டாமா என்று அவை முடிவு செய்கிற அந்தச் சமயத்தில்தான் தீபாவளி வரும். "பேரப்பசங்க அழுவாங்க. மத்தாப்பு கொளுத்திக்கோங்கடான்னு சொல்லிடுவோம்" என்றார் அவர். பெருமையாகக்கூடச் சொல்லவில்லை. வாசல் தெளிப்பதைச் சொல்வது போலச் சொன்னார்.

இந்த அக்கறை இன்று நேற்று வந்ததில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இருந்த செங்கல்பட்டு ஜாகீர் பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் 1798-இல் அவர்களுக்கு ஒரு கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார்: ஏரியில் யாரும் பறவைகளைச் சுடக்கூடாது. 1858-இல் ஊரார் மறுபடி கேட்டு அந்த உரிமையைப் புதுப்பித்துக்கொண்டார்கள். 1936-இல்தான் அரசு இதைச் சரணாலயமாக அங்கீகரித்தது. கணக்குப் பார்த்தால், முதல் கவுலுக்கும் அந்த அங்கீகாரத்துக்கும் நடுவே 138 வருடம். அத்தனை காலமும் காவல் இருந்தது இந்த ஊர்தான்.

1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-இல் வெளிவட்டத்தின் 2 கிலோமீட்டரைக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை வந்து, எதிர்ப்புக் கிளம்பி, பிறகு கைவிடப்பட்டது. அந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்கு அது வரைபடத்தில் ஒரு கோடாகத்தான் பட்டது. இன்று அந்த வரப்பில் நின்றபோது புரிந்தது: நாரை தின்கிற இடம் அந்த வெளிவட்டம்தான். கூட்டை மட்டும் காப்பாற்றி, சாப்பாட்டு இடத்தை விட்டுவிட்டால் கூட்டில் இருப்பது எதைத் தின்னும்?

ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கலில் கூட்டம் சேரும் என்று விடுதியிலேயே சொன்னார்கள். காலையிலேயே கரிக்கிலிக்குப் போய்விட்டோம். பத்து கிலோமீட்டருக்குள்தான். 1989-இல் சரணாலயமான இடம். 61 ஹெக்டேர், வேடந்தாங்கலைப் போல இரண்டு மடங்கு. ஆனால் வருகிறவர்கள் மிகக் குறைவு. 2022-இல் வேடந்தாங்கல், கரிக்கிலி இரண்டுமே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

கரிக்கிலியில் மரம் குறைவு, வெட்டவெளித் தண்ணீர் அதிகம். அதனால் வாத்துகளுக்குப் பிடித்த ஏரி. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் மூன்றையும் ஒரே இடத்தில் பார்த்தோம். மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்து பனிக்காலத்தைக் கழிக்கிறவை இவை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பலர் குழம்புகிறார்கள்: வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டுகிற நாரையும் கூழைக்கடாவும் கொக்கும் நம் நாட்டுப் பறவைகள். மழை எங்கே பெய்கிறதோ அங்கே போகும், வரும். வடக்கேயிருந்து வருகிற வாத்துகள் இங்கே கூடு கட்டுவதே இல்லை. சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு, வெயில் ஏறியதும் திரும்பிவிடும். வந்தவர் வேறு, வளர்ப்பவர் வேறு.

சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தது. வாத்துகள் அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே இடத்தில் இறங்கின. அதற்கு மேல் அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பது மணிக்கு இட்லி தேடிக் கிளம்பிவிட்டோம்.

அங்கிருந்து உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டு இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-லும் 921-லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் தேர்தல் முறைக்காகப் படித்திருப்போம்: 30 குடும்புகள் (ஊரின் வட்டாரப் பிரிவுகள்), ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது. சொந்த நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உள்ள பிராமணர்களுக்கு மட்டுமே அதில் இடம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அம்மாவின் கவனம், இப்படித் தேர்ந்தெடுத்த வாரியங்களின், அதாவது குழுக்களின், பெயரில் நின்றுவிட்டது. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம். "ஏரிக்குன்னே தனியா ஆளுங்களா?" ஆமாம், ஆறு பேர். பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் சொந்தக்காரர்களும் நிற்க முடியாது.

"அதைத்தான் இப்ப கொண்டு வரணும்" என்றார் அம்மா. சிறு வயதில் அவர் ஊரில் பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று போய், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் தூர் எடுப்பார்களாம். தாத்தா மண்வெட்டியோடு கிளம்புவதைப் பார்த்திருக்கிறாராம். எப்போது நின்றது என்று கேட்டேன். "வீட்டுக்கு வீடு போர் போட்டாங்க. அப்புறம் ஏரி யாருக்கு வேணும்?"

உத்திரமேரூர் ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். பல்லவர் காலத்தில் வெட்டியது. கல்வெட்டுகளில் அதன் தூர் வாரும் செலவுக்குத் தானம் கொடுத்தவர்கள் வருகிறார்கள். கோயிலுக்கு விளக்கு வைக்கத் தானம் கொடுப்பது போல, சேறு அள்ளவும் தானம். மூன்று அடுக்கில் பெருமாள் இருக்கும் சுந்தரவரதர் கோயிலுக்கும் போனோம். மாடிப்படி ஏற அம்மாவுக்கு முட்டி வலி. நான் மட்டும் ஏறி வந்தேன். நல்ல கோயில். ஆனால் இன்றைக்கு மனதெல்லாம் அந்த ஆறு பேரிடம்தான் இருந்தது.

மாலையில் வேடந்தாங்கல் திரும்பினால், கரை முழுக்க மனிதர்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டுகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகவே இருந்தது. ஒரு குடும்பத்தில் ஒருவர் போனில் பாட்டுப் போட்டார். காவலர் வருவதற்குள், சுண்டல் விற்றுக்கொண்டிருந்த உள்ளூர் அம்மா ஒருவர், "நிறுத்துப்பா, குஞ்சுங்க இருக்கு" என்றார். உடனே நிறுத்திவிட்டார்.

திங்கள்

காலையில் கடைசியாக ஒரு முறை கரைக்குப் போய்வந்து அறையைக் காலி செய்தோம். மஞ்சள் மூக்கு நாரைகள் இப்போதுதான் கூடு கட்டத் தொடங்கியிருக்கின்றன. அவை மற்றவற்றைவிடத் தாமதமாகக் குடியேறுபவை. சிறகின் ஓரத்தில் இளஞ்சிவப்பு, அலகில் மஞ்சள். பெரிய பறவை, ஆனால் குரலே கிடையாது, அலகைத் தட்டித்தான் பேசிக்கொள்ளும்.

திரும்பும் வழியில் மதுராந்தகம். அங்கே ஏரிக்கரையை ஒட்டியே கோதண்டராமர் கோயில். ஊரார் சொல்வது ஏரி காத்த ராமர். கதை இதுதான்: மழைக்காலம்தோறும் அந்தப் பெரிய ஏரி உடைத்துக்கொள்ளும். தாயாருக்குச் சந்நிதி கட்ட உதவும்படி ஊரார் கேட்டபோது, கரைக்குச் செலவு செய்து செய்து சலித்துப்போயிருந்த கலெக்டர், "இந்த முறை கரை நின்றால் தாயாருக்குச் சந்நிதி கட்டித் தருகிறேன்" என்றாராம். அடைமழை இரவில் கரையைப் பார்க்கப் போனவருக்கு, வில்லேந்திய இரண்டு இளைஞர்கள் கரையில் காவல் நிற்பது தெரிந்ததாம். ஏரி உடையவில்லை. சொன்னபடி ஜனகவல்லித் தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார். அவர் பெயர் தமிழிலேயே அங்கே கல்லில் இருக்கிறது: லயனல் பிளேஸ் துரை.

அதே மனிதர். சொல்லும் வருடமும் அதே 1798. வேடந்தாங்கலில் பறவைக்குக் கவுல் எழுதியவர் இங்கே கரைக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். இரண்டு கதையையும் தனித்தனியாகக் கேட்டிருந்தேன், பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. கும்பினிக்கு, அதாவது அந்தக் கம்பெனிக்கு, வரி வசூலிக்க வந்தவருக்கு ஏரி நின்றால்தான் நெல், நெல் விளைந்தால்தான் வரி. அந்தக் கணக்கு அவருக்கு இருந்திருக்கும். ஆனால் இரண்டு ஊரிலும் அவரிடம் போய்க் கேட்டவர்கள் நம் மக்கள். எனக்கு அவர்கள் மேல்தான் மரியாதை கூடுகிறது. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

ராமானுஜருக்கு அவருடைய குரு பெரிய நம்பிகள் பஞ்ச சம்ஸ்காரம் என்ற வைணவ தீட்சை செய்துவைத்தது இந்தக் கோயிலின் மகிழ மரத்தடியில். அம்மா அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, "கலங்கலைப் பார்த்துட்டுப் போயிடலாம்" என்றார். போனோம்.

போக நினைப்பவர்களுக்கு: ஏரி நிறைந்த வருடமாக இருந்தால் நவம்பரிலிருந்து மார்ச் வரை எப்போதும் போகலாம். குஞ்சுகளைப் பார்க்க ஜனவரி, பிப்ரவரி. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை திறந்திருக்கும். வார நாளில் போங்கள், ஒரு இரவாவது தங்குங்கள், விடுதிக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பைனாகுலர் கையில் இருந்தால் நல்லது. அடர்நிற உடை உடுத்தாதீர்கள் என்றெல்லாம் அலட்ட வேண்டாம். சத்தம் போடாமல் இருந்தாலே போதும். மடைப்பக்கம் இறங்கி வயலுக்குப் போகிறவர்கள் வரப்பில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். நவரை நாற்று இப்போதுதான் பிடித்து வருகிறது.